கடன் பாக்கியோடு வெளிநாட்டு வேலைக்குச் செல்பவர்கள் புறப்படும் முன் செய்ய வேண்டியவை

வேலைக்காக வெளிநாடு செல்பவர்களில் பலர் கடனோடுதான் செல்கிறார்கள். விசாவுக்கும் ஏஜென்டுக்கும் கொடுப்பதற்காக வாங்கிய கைமாற்று, தங்கையின் திருமணத்துக்கு எடுத்த தனிநபர் கடன், கிரெடிட் கார்டு பாக்கி, கூட்டுறவுச் சங்கத்தில் அடகில் இருக்கும் நகை என்று அந்தக் கடன் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். கடன் பாக்கி இருப்பது குற்றமன்று. வங்கியின் அனுமதி பெற்ற பிறகே நாட்டை விட்டுச் செல்ல வேண்டும் என்று சாதாரணத் தனிநபர் கடன் வாங்கியவரைக் கட்டுப்படுத்தும் சட்டமும் இந்தியாவில் இல்லை. எனினும், யாரிடமும் எதுவும் சொல்லாமல் சென்றுவிட்டால் அந்தக் கடன் உங்களைத் தேடி துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ முதலில் வருவதில்லை. அது உங்கள் தாயாரும் மனைவியும் இருக்கும் வீட்டுக்கும், உங்களை நம்பி ஜாமீன் கையெழுத்துப் போட்ட நண்பரின் வீட்டுக்கும் வருகிறது. அவர்களை அந்த நிலையில் நிறுத்தாமல் புறப்படுவது எப்படி என்பதையே இங்கே விளக்குகிறேன்.

எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்

பயணத் தேதிக்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே ஒரு தாளில் எல்லாக் கடன்களையும் எழுதிவிட வேண்டும். யாரிடம் வாங்கியது, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மாதத் தவணை எந்தத் தேதியில், அடமானமாக என்ன கொடுத்திருக்கிறீர்கள், வேறு யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்ற விவரங்கள் ஒவ்வொரு கடனுக்கும் தேவை. வங்கிக் கடன் என்றால் இன்றைய நிலுவைத் தொகையையும், முன்கூட்டியே முடித்தால் செலுத்த வேண்டிய தொகையையும் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். மறந்துபோன பழைய கிரெடிட் கார்டோ செயலி மூலம் எடுத்த சிறுகடனோ இருக்கக்கூடும் என்பதால், உங்கள் கடன் அறிக்கையையும் பார்த்துவிடுங்கள். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

தனியாரிடம் வாங்கிய கடனில், கொடுத்து வைத்திருக்கும் காகிதங்களின் பட்டியல் தொகையைவிட முக்கியமானது. தொகை நிரப்பாமல் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலைகளின் எண்கள், புரோநோட்டுகளின் எண்ணிக்கை, வெற்று முத்திரைத்தாள், நிலப் பத்திரம், ஏடிஎம் அட்டை என எதுவாக இருந்தாலும் அது யார் கையில் இருக்கிறது என்று எழுதி, அந்தத் தாளின் ஒரு பிரதியை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுக்க வேண்டும். கணவர் எவ்வளவு கடன் வாங்கினார் என்பதே தெரியாத மனைவியிடம், அவர் கிளம்பிய மறு மாதம் யாரோ ஒருவர் வந்து சொல்லும் தொகைதான் கணக்காகிவிடுகிறது. அதை மறுப்பதற்கு அவரிடம் ஓர் ஆதாரமும் இருக்காது.

பயணச் செலவுக்கென்று புதிய கடன் வாங்கும் முன் இன்னொன்றையும் சரிபாருங்கள். இந்திய அரசிடம் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்ச வரம்பு 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தால் 35,400 ரூபாய். அதற்கு மேல் இலட்சக்கணக்கில் கேட்பவரிடம் கொடுப்பதற்காக வட்டிக்கு வாங்குவது, பயணத்தையே வீணாக்கிவிடக்கூடிய கடன். முகவர் பதிவு பெற்றவர்தானா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் கேட்கலாம்.

எதை முதலில் அடைப்பது

கையில் இருக்கும் பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்பதால் வரிசை வேண்டும். அதிக வட்டியுள்ளதை முதலில் அடைக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு, அது சரியும்கூட. நூற்றுக்கு மூன்று வட்டி என்று ஊரில் சொல்வது மாதத்துக்கு மூன்று ரூபாய் என்பதால் ஆண்டுக்கு 36 சதவீதமாகிறது. 2 இலட்சம் ரூபாய்க்கு ஆண்டொன்றுக்கு 72,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும், அசலில் ஒரு ரூபாயும் குறையாது. ஆனால் நான் வட்டி விகிதத்துக்கும் முன்னால் வைக்கும் கேள்வி ஒன்று உண்டு: நீங்கள் இல்லாதபோது இந்தக் கடனுக்காக யார் கதவு தட்டப்படும்? ஜாமீன்தாரர் உள்ள கடனும், மனைவியின் பெயரில் மகளிர் சுயஉதவிக் குழு வழியாக எடுத்த கடனும் இந்தக் காரணத்தாலேயே முன்னுக்கு வர வேண்டியவை. குழுக்கடனில் ஒருவர் தவணை தவறினால் மற்ற உறுப்பினர்கள் ஈடுகட்ட வேண்டியிருக்கும் என்பதால், உங்கள் மனைவி ஒவ்வொரு கூட்டத்திலும் அண்டை வீட்டுப் பெண்களின் முன்னால் தலைகுனிந்து உட்கார நேரும். ஏலச்சீட்டை எடுத்துவிட்டு மீதித் தவணைகள் கட்ட வேண்டியவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், ஏனெனில் சீட்டுப் பணம் வாங்கும்போது அங்கேயும் ஜாமீன் கொடுத்திருப்பீர்கள்.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றிப் பலரிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கடன் வாங்கியவரிடம் எல்லா வழியிலும் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் ஜாமீன்தாரரிடம் வருவார்கள் என்று நினைக்கிறார்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. கடன் கொடுத்தவர் நேராக அவர்மீதே வழக்குத் தொடுக்கலாம். நீங்கள் வெளிநாட்டிலும் அவர் உள்ளூரிலும் இருக்கும்போது, எளிதாகக் கிடைப்பவர் அவர்தான். ஆகவே புறப்படும் முன் அவரை நேரில் சந்தித்து, நிலுவை எவ்வளவு, மாதந்தோறும் எந்தக் கணக்கிலிருந்து பணம் போகும், ஒரு மாதம் தவறினால் உங்களுக்கு எந்த எண்ணில் தகவல் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிவிட்டுச் செல்வது உங்கள் கடமை.

கையெழுத்திடாத குடும்பத்தினருக்கு உங்கள் கடனை அடைக்கும் சட்டப் பொறுப்பு கிடையாது என்பதையும் வீட்டில் தெளிவாகச் சொல்லிவையுங்கள். வசூலுக்கு வருபவர்கள் சொல்வதைக் கேட்டுப் பயந்து, தந்தையோ மனைவியோ புதிய புரோநோட்டிலோ காசோலையிலோ கையெழுத்திட்டுவிட்டால் அந்த நிமிடம் முதல் அவர்களும் கடன்பட்டவர்கள் ஆகிவிடுவார்கள்.

நகைக்கடனில் சிக்கல் வேறு மாதிரியானது. நகை உங்கள் பெயரில் அடகில் இருந்தால், நீங்கள் ஊரில் இல்லாதபோது உங்கள் மனைவி பணத்தோடு போனாலும் அதைத் திருப்புவது கடினம். தவணைக்காலம் முடிந்து ஏல அறிவிப்பு வந்தாலும் அது பழைய முகவரிக்குத்தான் வரும். பல நகைக்கடன்களின் காலம் ஓர் ஆண்டுதான். ஆகையால் பயணத்துக்கு முன் அந்தக் கடனை முடித்து, ஊரில் இருப்பவர் பெயரில் மாற்றி வைத்துவிடுவது நல்லது. முடியாவிட்டால், வட்டி கட்டவும் நகையைத் திருப்பவும் அவருக்கு அதிகாரம் அளிக்கும் கடிதத்தை அந்தக் கிளை கேட்கும் வடிவத்திலேயே கொடுத்து, ஏற்றுக்கொண்டதற்கான ஒப்புகையும் பெறுங்கள்.

வங்கியிடம் பேசுவது

வெளிநாடு செல்வதை வங்கிக்குச் சொன்னால் கடனை உடனே திருப்பிக் கேட்டுவிடுவார்கள் என்ற அச்சத்தால் பலர் மறைக்கிறார்கள். இந்தியாவில் குடியிருந்தபோது வாங்கிய ரூபாய்க் கடன், வாங்கியவர் வெளிநாடுவாழ் இந்தியரான பிறகும் தொடர்வதற்கு அந்நியச் செலாவணி விதிகளில் இடமிருக்கிறது. வேலைக்காக நாட்டை விட்டுச் சென்ற பிறகு சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியர் தம் இந்திய வருமானத்தை வைக்கும் ரூபாய்க் கணக்கு) மாற்ற வேண்டும் என்பது அதே விதிகளின்படி கட்டாயம். எனவே சொல்லாமல் இருப்பதில் இலாபம் ஏதுமில்லை. கணக்கு மாறும்போது கணக்கு எண்ணும் மாறினால், தவணைக்கான தானியங்கிப் பற்று ஆணை செயலிழந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். புதிய எண்ணில் மீண்டும் பதிவு செய்து, ஒரு தவணை ஒழுங்காகப் போனதைப் பார்த்த பிறகுதான் பழைய ஏற்பாட்டை விட வேண்டும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை அனுப்பி வைக்கும் என்ஆர்இ கணக்கிலிருந்தும் தவணை கட்டலாம்.

தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே எழுத்து மூலம் கேளுங்கள். மாதத் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிப்பது, தவணைத் தேதியைச் சம்பளம் வந்து சேரும் தேதிக்குப் பின்னால் தள்ளுவது ஆகியவை, தவறாத வாடிக்கையாளர் கேட்கும்போது கிளையில் எளிதாகக் காதில் விழும் கோரிக்கைகள். 90 நாள் தவணை தவறிய கடன் வாராக்கடன் என்று வகைப்படுத்தப்பட்டுவிடும்; அதன் பிறகு பேச்சு கிளை மேலாளரிடமிருந்து வசூல் பிரிவுக்குப் போய்விடுகிறது. புதிய வேலையில் முதல் சம்பளம் கைக்கு வர இரண்டு மாதமும் ஆகலாம், ஊருக்கு அனுப்பும் அளவுக்கு மிஞ்ச இன்னும் ஒரு மாதம் ஆகலாம். மூன்று மாதத் தவணைத் தொகையைத் தவணைக் கணக்கிலேயே விட்டுவிட்டுப் போகாமல் விமானம் ஏறாதீர்கள் என்பது என் உறுதியான அறிவுரை.

கிரெடிட் கார்டை, பாக்கியைக் கட்டி மூடிவிடுவதே மேல். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால் மீதித் தொகைக்கு மாதம் மூன்று சதவீதத்தை ஒட்டிய வட்டி ஏறும். பாக்கி இல்லாத கார்டை மூடக் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும் என்றும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டிலேயே கூறியிருக்கிறது.

உங்கள் இந்தியக் கைப்பேசி எண்ணை உயிரோடு வைத்திருப்பதும் கடன் நிர்வாகத்தின் ஒரு பகுதியே. ஓடிபி அதற்குத்தான் வரும்; 90 நாட்களுக்குப் பயன்பாடே இல்லாத முன்கட்டண எண் முடக்கப்படலாம். வங்கியில் மின்னஞ்சல் முகவரியையும், நம்பகமான ஒருவரின் உள்ளூர் முகவரியையும் பதிவு செய்யுங்கள். அறிவிப்பு உங்களுக்கு வந்து சேரவில்லை என்பதைவிட, வந்ததை யாரும் பிரிக்கவில்லை என்பதால் ஏற்படும் இழப்பே அதிகம்.

உங்கள் சார்பில் பேசவும் கடிதம் பெறவும் தீர்வில் கையெழுத்திடவும் ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதாதீர்கள். குறிப்பிட்ட கடன் கணக்குகளுக்கு மட்டும் பொருந்தும் சிறப்பு அதிகாரப் பத்திரம் போதும். சொத்தை விற்கும் அதிகாரம் அதில் இருக்கவே கூடாது. புறப்பட்ட பிறகுதான் எழுத முடிகிறது என்றால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும்.

காசோலையும் மூன்று ஆண்டு நம்பிக்கையும்

கடன் பாக்கி குற்றமன்று என்று தொடக்கத்தில் சொன்னேன். காசோலை அதற்கு விலக்கு. கடனுக்காகக் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் கடன் கொடுத்தவர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கு இல்லை. வீட்டில் இருப்பவர் வழக்கறிஞரின் அறிவிப்பைப் பிரித்துப் படித்து அன்றே உங்களுக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டியதன் அவசியம் இந்த 15 நாள்தான். தானியங்கிப் பற்று ஆணை பணமின்றித் திரும்புவதற்கும் 2007ஆம் ஆண்டுக் கொடுப்பனவு முறைகள் சட்டத்தின் 25ஆவது பிரிவு இதேபோன்ற தண்டனையை வைத்திருக்கிறது. நீதிமன்ற அழைப்பாணையைத் தொடர்ந்து புறக்கணித்தால் பிடியாணை வரை போகலாம். குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் புதுப்பிப்பிலும் சிக்கல் எழலாம். விடுமுறைக்கு ஊர் திரும்புகிற நாளில் அது தெரியவரும். அதனால்தான் வெற்றுக் காசோலைகளின் எண்களை முதலிலேயே எழுதச் சொன்னேன். போலிச் சம்பளச் சீட்டு கொடுத்துக் கடன் பெற்றவர்கள் ஒரு வழக்கறிஞரைப் பார்க்காமல் எந்த அடியும் எடுத்து வைக்கக் கூடாது, ஏனெனில் அது மோசடிக் குற்றம்.

புரோநோட்டோ வங்கிக் கடனோ, மூன்று ஆண்டு வெளிநாட்டில் இருந்துவிட்டால் காலாவதியாகிவிடும் என்பது ஊர்தோறும் சொல்லப்படும் ஆலோசனை. அடமானமில்லாத கடனுக்கு வழக்குத் தொடுக்கும் கால வரம்பு பொதுவாக மூன்று ஆண்டு என்பது உண்மை. ஆனால் 1963ஆம் ஆண்டுக் கால வரம்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவின் 5ஆவது உட்பிரிவு, பிரதிவாதி இந்தியாவுக்கு வெளியே இருந்த காலத்தை அந்தக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும் என்கிறது. நீங்கள் ஐந்து ஆண்டு குவைத்தில் இருந்தால் அந்த ஐந்து ஆண்டும் கணக்கில் சேராது. தவிர, வரம்பு முடிவதற்கு முன் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, எழுத்துச் சான்றோடு ஒரு பகுதியைக் கட்டினாலோ மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். வழக்கு நடந்து, நீங்கள் வராததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பும் ஆகிவிட்டால், அதை நிறைவேற்றக் கடன் கொடுத்தவருக்கு 12 ஆண்டு இருக்கிறது. காத்திருந்து தப்பிக்கும் வழி என்று ஒன்று கிடையாது. வட்டிதான் அந்தக் காத்திருப்பில் வளரும்.

ஏற்கெனவே சென்றுவிட்டவர்களுக்கு

தவணை நின்று ஓராண்டோ இரண்டாண்டோ ஆகி, வங்கி எண்ணைக் கண்டாலே கைப்பேசியை எடுக்காத நிலையில் இருப்பவர்கள், அச்சத்தை விட்டு மூன்று விவரங்களைத் திரட்டினால் பாதை புலப்படும். கடன் அறிக்கையை எடுத்தால் இப்போது கடன் யாரிடம் இருக்கிறது என்று தெரியும். வங்கி அதை, வாராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருக்கலாம். இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் மாவட்ட நீதிமன்றத்தைத் தெரிவு செய்து பெயரைத் தேடினால் வழக்கு ஏதும் இருக்கிறதா என்று தெரியும். கடன் கணக்கின் முழு அறிக்கையைக் கேட்டு வாங்கினால் அசல், வட்டி, அபராதம் தனித்தனியாகத் தெரியும். பேரம் பேச வேண்டியது பெரும்பாலும் கடைசி இரண்டில்தான்.

பாக்கியைக் குறைத்துக் கணக்கை முடிக்கும் ஒருமுறைத் தீர்வு என்று வங்கி சம்மதிக்கும் தொகைக்கு, வங்கியின் கடிதத்தாளில் தொகை, கட்ட வேண்டிய தேதி, கட்டினால் கணக்கு முடிந்ததாகக் கொள்ளப்படும் என்ற உறுதி ஆகியவை எழுதப்பட்ட கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். பணம் கடன் கணக்குக்கே போக வேண்டும்; வசூல் முகவரின் சொந்த யுபிஐ எண்ணுக்கு அனுப்பியது கணக்கில் ஏறாமல் போகலாம். தீர்வு மூலம் முடித்த கடன், முழுதாக அடைத்த கடனைப் போலன்றி, கடன் அறிக்கையில் பல ஆண்டுகள் தனியாகத் தெரியும். பின்னால் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருப்பவர்கள், இயன்றால் முழுத் தொகையையும் நீண்ட தவணையில் கட்ட முயல்வதே நல்லது.

இரு தரப்பும் சமரசமாகப் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தை (லோக் அதாலத்) நான் பெரிதும் பரிந்துரைக்கிறேன். தேசிய மக்கள் நீதிமன்றம் ஆண்டுக்குப் பலமுறை நடக்கிறது. வழக்கு தொடங்கும் முன்பே அங்கே தீர்வு காணலாம். முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால் இரு தரப்புக்கும் அது இறுதி. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் 15100 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம். சிறப்பு அதிகாரப் பத்திரம் பெற்றவர் உங்கள் சார்பில் அங்கே செல்லலாம்.

வீட்டுக்கு வரும் வசூல் முகவர்களுக்கும் வரம்பு உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, குடும்பத்தினரையும் நண்பர்களையும் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் மீண்டும் வலியுறுத்தியது. மீறினால் தேதி, நேரம், எண் ஆகியவற்றோடு முதலில் வங்கிக்கு எழுதுங்கள்; 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், உதவி எண் 14448. தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டிக்காரர்களின் தொல்லைக்குத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டமே இருக்கிறது; அதன்படி வீட்டில் இருப்பவர்கள் காவல்துறையில் புகார் கொடுக்கலாம். அசலை அடைக்க மறுப்பதற்கு இந்தச் சட்டம் காரணமாகாது. மிரட்டலைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்கே அது காரணம்.

இங்குள்ள கடனை அடைக்க அங்கே புதுக் கடன் எடுப்பது ஆபத்தானது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 10,000 திர்ஹாமுக்குக் குறையாத கடனுக்கு, நீதிமன்றம் வழியாக நாட்டை விட்டு வெளியேறத் தடை பெற முடியும். அங்கிருந்து ஊருக்கு வந்துவிட்டாலும் அது முடிவதில்லை: 2020 ஜனவரியில் இந்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி அமீரகத்தின் குறிப்பிட்ட நீதிமன்றங்களின் பணத் தீர்ப்புகளை இந்திய மாவட்ட நீதிமன்றத்தின் மூலமே நிறைவேற்றலாம். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் ஆகியவற்றின் உயர்நிலை நீதிமன்றங்களுக்கு இந்த ஏற்பாடு முன்பிருந்தே உண்டு.

கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். வங்கியிடமிருந்து நிலுவை இல்லை என்ற சான்றிதழ் பெற வேண்டும். அடமானம் வைத்த அசல் பத்திரங்களைக் கடன் முடிந்த 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும்; அதன் பக்கத்துத் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள விதி. அவற்றைப் பெற்றுக்கொள்ளப் போவது யார் என்பதையும் அதிகாரப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். தனியாரிடம் வாங்கியதாக இருந்தால், ஒவ்வொரு முறை கட்டியதும் புரோநோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கி, முடிந்த நாளில் அந்த நோட்டையும், பட்டியலில் எழுதிவைத்த எண்களுள்ள காசோலைகளையும் ஒன்று விடாமல் திரும்பப் பெற்று வரும்படி வீட்டில் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்து ஒருமுறை கடன் அறிக்கையை எடுத்து, அந்தக் கணக்கு முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சான்றிதழின் பிரதியோடு அறிக்கை தந்த நிறுவனத்தின் தளத்திலேயே திருத்தம் கோருங்கள்.